படம் பார்க்க வேண்டுமென்றால் தியேட்டருக்குப் போகவேண்டுமாம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெண் கேட்ட கேள்வியைக் கேலி செய்ததை வந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. மைக்கைப் பிடித்தவருக்கும் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும். சிரித்தவர்களில் நானும் ஒருவன். நான்கு நாட்களாக அதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெண் கேட்டது சாதாரணக் கேள்வி. ஸ்கேன் செய்த பக்கத்தை ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில், அதாவது எழுத்துகளைத் தட்டச்சு செய்து திருத்தும் மென்பொருளில், திறந்தால் திரைக்குள் அடங்கவில்லை; படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் என்ற லைப்ரரியை (பிற மென்பொருள்களோடு சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை) இணைத்து ஈமேக்ஸைக் கம்பைல் செய்தால், அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்கிக்கொண்டால், சரியாகுமா என்று கேட்டாள். அதற்கு வந்த பதில்: “படம் பார்க்க வேண்டுமென்றால் தியேட்டருக்குப் போம்மா, இது டெக்ஸ்ட் எடிட்டர்.” நல்ல சிலேடைதான், மறுக்கவில்லை. அரங்கம் சிரித்து முடிப்பதற்குள் அவள் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

எடிட்டருக்குப் படம் எதற்கு என்பது கேள்வியே அல்ல. எந்த வழியாகப் படம், அதை யார் பராமரிப்பது என்பவைதான் கேள்விகள். இதை மூன்று முறை சொல்லியும் காதில் வாங்காதவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அம்மாவின் அப்பா நாட்டு வைத்தியர். அவர் எழுதிவைத்த மருந்துக் குறிப்புகள் ஏழு நோட்டுப் புத்தகங்களாக எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, பக்கம் பக்கமாக நான் தட்டச்சு செய்கிறேன். திரையின் இடப்பக்கம் தாத்தாவின் கையெழுத்து, வலப்பக்கம் என் எழுத்து. ஏ4 அளவுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் 2480க்கு 3508 புள்ளிகள். என் பழைய திரையோ 1366க்கு 768. அளவைச் சுருக்காமல் திறந்தால் தாத்தா எழுதிய பிள்ளையார் சுழியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளைத் தாளும் மட்டும் தெரியும்.

ஈமேக்ஸ் 2001இல் வந்த 21ஆம் பதிப்பிலேயே படங்களைக் காட்டியது. படத்தின் அளவை மாற்றும் வசதி 2012இல் 24.1இல் இமேஜ்மேஜிக்கைச் சேர்த்த பிறகுதான் கிடைத்தது. அந்த லைப்ரரி வந்த நாளை நான் தீபாவளியாகக் கொண்டாடினேன் என்றால் சிரிப்பீர்கள். பழகிவிட்டது, சிரியுங்கள்.

“படத்தைத் தனியாக ஒரு மென்பொருளில் திறந்து வைத்துக்கொண்டால் என்ன?” இதைக் கேட்பவர்கள் எவரும் நூறு பக்கம் பார்த்து எழுதியதில்லை என்று பந்தயம் கட்டுவேன். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஒரு ஜன்னலில் படித்து, மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த ஜன்னலுக்கு மாறித் தட்டச்சு செய்வேன். தாத்தா “திப்பிலி வ பலம்” என்று எழுதியிருந்தார். மனதில் தங்கியது “திப்பிலி பலம்”. அந்த “வ” ஏதோ எழுதத் தொடங்கி விட்டுவிட்ட எழுத்து என்று நினைத்துவிட்டேன். பலம் என்பது பழைய எடை அளவு; பழைய கணக்கில் “வ” என்றால் கால். எட்டுக்கு “அ”, காலுக்கு “வ”; எட்டேகால் என்றால் “அவ”. இன்னொரு பக்கத்தில் சுக்குக்கு எதிரே இருந்த “அவ”வை, அவசரமாக எழுதிய “அவல்” என்று திருத்திவேறு வைத்திருந்தேன். மருந்தில் அவல்! படமும் எழுத்தும் ஒரே ஜன்னலில், வரிக்கு வரி எதிரெதிரே வந்த பிறகுதான் இரண்டும் கண்ணில் பட்டன. அதற்குள் என் சித்திக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டிருந்தேன். நல்லவேளை, அவர் ஆங்கில மருந்து மட்டுமே சாப்பிடுபவர்.

“ஒரு கருவி ஒரு வேலையைத்தான் செய்யவேண்டும்” என்ற தத்துவத்தையும் அன்று கேட்டேன். நல்ல தத்துவம். ஆனால் யாரிடம் அதைச் சொல்கிறீர்கள்? ஈமேக்ஸுக்குள் டெட்ரிஸ் விளையாட்டு இருக்கிறது. குறைகளைக் கேட்டு நம்மிடமே திருப்பிக் கேள்வி கேட்கும் மனநல மருத்துவர் இருக்கிறார். அமாவாசை, பௌர்ணமி என்றைக்கு என்று கேட்டால் சொல்லும். பஞ்சாங்கம் பார்க்கும் எடிட்டரில் ஒரு பக்கத்தின் படத்தைப் பார்த்தால் மட்டும் தீட்டா?

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். 2016இல் இமேஜ்மேஜிக்கில் வெளிப்பட்ட ஓட்டை சாதாரணமானதல்ல. படம் என்று நம்பிக் கொடுத்த கோப்புக்குள் ஒளிந்திருந்த கட்டளை, கணினியிலேயே ஓடக்கூடிய நிலை. அதுமட்டுமல்ல, அந்த லைப்ரரி எதையும் படமாகப் பார்க்கும் ஆர்வக்கோளாறு கொண்டது. அது ஏற்கும் வகைகளின் பட்டியலில் டெக்ஸ்ட், வலைப்பக்கத்துக்கான எச்டிஎம்எல், சி மொழி நிரல் என்றெல்லாம் இருந்ததால், இவற்றைப் படமாக்கிவிடாதே என்று ஈமேக்ஸ் தனியாக ஒரு விலக்குப் பட்டியல் வைக்கவேண்டியிருந்தது. பெரிய படங்களைத் திறந்து எடிட்டர் உறைந்துபோய், சேமிக்காத அரைப் பக்கத்தை இழந்தவன் நான். எனவே எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம்.

ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறீர்களே, அதுதான் எரிச்சல். 2020 ஆகஸ்டில் வந்த 27.1இல், பாதுகாப்பையும் நிலைத்தன்மையையும் காரணம் காட்டி இமேஜ்மேஜிக்கை இயல்பாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். வேண்டுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். கூடவே, படத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க, திருப்ப ஈமேக்ஸுக்கே கற்றுக்கொடுத்தார்கள். படம் எதற்கு என்று யாரும் தியேட்டருக்கு அனுப்பவில்லை. படம் வேண்டும், இந்த வழி சரியில்லை, வேறு வழி போடுவோம் என்றார்கள். 2023இல் வந்த 29ஆம் பதிப்பில் வெப்பி (WebP) என்ற வகைப் படங்களையும் நேரடியாகக் காட்டத் தொடங்கியது. “இமேஜ்மேஜிக்கைத் தூக்கிவிட்டார்கள், பார்த்தீர்களா” என்று பாதிக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஓட்டுகிறீர்கள்.

வேறு எடிட்டருக்கு மாறலாமே என்பவர்களுக்கு: மாறமாட்டேன்.

“நீ ஒரு வரி நிரலாவது எழுதிக் கொடுத்திருக்கிறாயா?” இதுவும் வரும், தெரியும். இல்லை. எனக்கு சி மொழி தெரியாது. பிழை அறிக்கைகள் மட்டும் எழுதியிருக்கிறேன், அதுவும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சமைக்கத் தெரியாதவன் உப்புக் குறைவு என்று சொல்லக்கூடாது என்றால், கல்யாணப் பந்தியில் பாதிப் பேர் வாய் திறக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. “சுத்தமான டெக்ஸ்ட்” என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அது யாருடைய டெக்ஸ்ட்? “கொ” என்று நாம் அடித்தால் கோப்பில் முதலில் இருப்பது ககரம். திரையிலோ ஒற்றைக் கொம்பு அதற்கு முன்னால் வரவேண்டும், கால் பின்னால் வரவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யவும் ஒரு லைப்ரரி வேண்டும். ஈமேக்ஸ் இயல்பாகப் பயன்படுத்துவது ஹார்ஃபஸ் (HarfBuzz) என்ற லைப்ரரி. அது எந்தப் பதிப்பில் வந்தது தெரியுமா? அதே 27.1. முன்பும் இதற்கு வேறு லைப்ரரிகள் இருந்தன. அவை இல்லாமல் கம்பைல் செய்துவிட்டால் என் தமிழ் கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் என்று சிதறிக் கிடக்கும். எடிட்டருக்கு இத்தனை சுமை எதற்கு என்று அன்றும் கேட்டிருந்தால், நம் மொழிதான் முதலில் அந்தச் சுமையாக இருந்திருக்கும். தாத்தா எழுதிய பின்னக் குறிகளுக்கு, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் ஒதுக்கும் தரமான யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019இல்தான். அதுவரை யூனிகோடுக்கு அவை தனி எழுத்துகள் அல்ல, படம். வெறும் படம். அவற்றையும் தியேட்டரில் போய்த்தான் பார்த்திருக்கவேண்டுமா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

அந்தப் பெண்ணின் எண் என்னிடம் இல்லை. தெரிந்தவர்கள் இதை அவளிடம் சேர்த்துவிடுங்கள். நீ வைத்திருந்தது 26ஆம் பதிப்பு, திரையில் பார்த்தேன். 27க்குப் பிந்தைய எதையாவது நிறுவிக்கொள்ளம்மா. படத்தின் அளவை ஈமேக்ஸே மாற்றும், அந்த லைப்ரரியே தேவைப்படாது. ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடிய பதில். அந்த அரங்கில் இது தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்திருப்போம். சிரித்துக்கொண்டிருந்தோம்.

நீ திறந்து வைத்திருந்தது என்ன பக்கம் என்று கேட்கக்கூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.