குடம் எண்ணுவதும் மந்திரக் கதைதான்

பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை நகர்த்தும் ஆட்டம் நம்முடைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஞாயிற்றுக்கிழமை அதில் நான் சொன்ன தண்ணீர்ப் பஞ்சக் கதை பிடிக்காமல் ஒருவர் எழுந்து போனதைப் பற்றி இரண்டு நாட்களாகப் பலரும் எழுதிவிட்டீர்கள். "குடத்து மந்திரம்" என்ற கேலிப் படமும் என் கண்ணில் பட்டது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனம் கேட்கவில்லை.

அன்று டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர், நான். மலையடிவாரத்தில் 40 வீடுகள் கொண்ட ஒரு கிராமம். கோடையில் இருந்த ஒரே கிணறும் வற்றிவிட்டது. கோயிலில் இப்போதுதான் மந்திரம் கற்றுக்கொண்ட ஓர் இளம் பூசாரிப் பெண் இருக்கிறாள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிப்படி, தண்ணீரை வரவழைக்கும் முதல்நிலை மந்திரம் ஒரு தடவைக்கு 10 கேலன் தரும். ஏறத்தாழ 38 லிட்டர். தொடக்க நிலைப் பூசாரிக்கு ஒரு நாளில் இரண்டு தடவைதான் முடியும். இரண்டையும் சேர்த்து எங்கள் வீட்டுக் குடத்தால் அளந்தால் ஐந்து குடம். 40 வீட்டுக்கு ஐந்து குடம். முதல் குடத்தை யாருக்கு ஊற்றுவாள்? கதையின் முடிச்சே அதுதான். "நான் குடம் எண்ணவா வந்தேன்?" என்று கேட்டுவிட்டு ஆட்டக்காரர்களில் ஒருவர் பாதியில் எழுந்து போனார்.

நெருப்புக் கோளத்தை வீசினால் 8 பகடைகளை உருட்டி, ஒவ்வொன்றாகக் கூட்டி, எத்தனை பேர் கருகினார்கள் என்று கணக்குப் பார்க்கிறோம். அப்போது யாருக்கும் சலிப்பதில்லை. குடத்தை எண்ணினால் மட்டும் ஏன் சலிக்கிறது?

மந்திரம் உள்ள உலகம் என்று சொல்லிவிட்டால், அந்த மந்திரம் அடுப்படியையும் கிணற்றடியையும் என்ன செய்தது என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் அது உலகமே இல்லை, சண்டைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை. இதை நானாகக் கொண்டுவந்து திணிக்கவில்லை. விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கிழிசலையும் உடைசலையும் ஒரே நிமிடத்தில் ஒட்டவைக்கும் சிறு மந்திரம் இருக்கிறது, ஓர் அடிக்குள் இருந்தால் போதும். அழுக்கைப் போக்கவும், ஆறியதைச் சூடாக்கவும் இன்னொன்று இருக்கிறது. இவற்றை நாள் முழுவதும் எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். அணையாத விளக்கு ஒன்றை ஏற்ற 50 பொற்காசு பெறுமான மாணிக்கத் தூள் வேண்டும். அதே புத்தகத்தில் சாதாரணக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம் 2 வெள்ளிக்காசு. பத்து வெள்ளி ஒரு பொன். அதாவது 250 நாள் கூலி ஒரு விளக்குக்கு! அந்த விளக்கு யார் வீட்டு வாசலில் எரியும், யார் வீடு இருட்டில் கிடக்கும் என்று கேட்பது கதை இல்லையா?

இதே ஆட்டத்துக்காக உருவான எபரான் என்ற கதை உலகம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். புதிய கதை உலகம் ஒன்றைத் தேடி 2002இல் நடந்த போட்டியில் 11,000க்கும் மேற்பட்ட உலகங்கள் வந்து குவிந்தன. அவற்றில் தேர்வானது கீத் பேக்கருடையது. 2004இல் புத்தகமாக வந்தது. அங்கே தெருவிளக்கு மந்திரத்தால் எரிகிறது, மின்னலில் ரயில் ஓடுகிறது, ஒன்றிரண்டு மந்திரங்கள் மட்டும் தெரிந்த கைவினைஞர்கள் அதை வைத்துப் பிழைக்கிறார்கள். அதை ரசிக்கிறவர்களுக்கு என் கிராமம் மட்டும் ஏன் கசக்கிறது?

"அன்றாடப் பொருளாகிவிட்டால் மந்திரத்தின் வியப்பே போய்விடுமே" என்று ஒரு தோழி கேட்டிருந்தார். அவர் கேட்டது நல்ல கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன். என் சிறுவயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். வேப்பமரத்தடியில் சின்னக் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியை ஊதுவார். பாட்டியின் பித்தளை அண்டா உள்ளே கறுத்துக் கிடக்கும். அதைக் காயவைத்து நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். ஈயக் குச்சியால் ஓர் இழுப்பு, பஞ்சுத் துணியால் ஒரு சுழற்று. கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளி! வருடா வருடம் பார்த்தேன். ஒரு வருடம்கூட எனக்கு அது பழகிப்போகவில்லை. பிறகு எவர்சில்வர் வந்தது, அவர் வருவது நின்றுபோனது. ஒட்டவைக்கும் மந்திரத்தைப் புத்தகத்தில் முதன்முதலில் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. மந்திரம் தெரிந்த ஒரு சிறுவன் அந்தத் தெருவில் இருந்திருந்தால் அவருடைய பிழைப்பு என்ன ஆகியிருக்கும்? இந்த ஒரு கேள்வியை வைத்து ஆறு மாதம் ஆடலாம்.

வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு இளைப்பாற வருகிறோம், கவலையை அங்கேயும் சுமக்க வேண்டுமா என்கிறார்கள். நியாயம்தான். ஆட்டம் எப்படிப்பட்டது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். பிடிக்கவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. கேலிப் படம் எதற்கு? அதில் எனக்கு முந்தானையை இடுப்பில் செருகி, குடத்தைக் கையில் கொடுத்து, "சமையலறை மாஸ்டர்" என்று எழுதியது எதற்கு? போன மாதம் இன்னொருவர் நடத்திய ஆட்டத்தில் கோட்டை முற்றுகையின்போது படைக்கு எத்தனை நாள் உணவு மிச்சம் என்று ஒன்றரை மணி நேரம் கணக்குப் போட்டோம். அதற்குப் பெயர் போர்த்தந்திரம். நான் கிணற்றைக் காட்டினால் வீட்டு வேலை.

2019 கோடையில் பூண்டியும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தபோது, லாரிக்காக இரவு இரண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அம்மாவும் நானும் நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பங்கு மூன்று குடம். எங்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவள் முறை வருவதற்குள் லாரி காலி. அம்மா எதுவும் பேசாமல் ஒரு குடத்தை அவள் பக்கம் நகர்த்தினார். படியேறி வரும்வரை எனக்கு அம்மாமேல் கோபம். அந்தக் கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பூசாரிப் பெண்ணை நான் உருவாக்கியது அந்த இரவிலிருந்துதான். கேலிப் படம் போட்டவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

வரும் ஞாயிறு கதை அதே கிணற்றடியில் தொடரும். விடிந்துவிட்டது, இரண்டு மந்திரங்களும் கையில் இருக்கின்றன, 40 வீட்டுக் குடங்களும் வரிசையில் நிற்கின்றன. நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது நாற்காலியை எடுக்கவில்லை.