பாயிரம் நம்ம சொத்துதான், இங்கிலீஷ்காரன் குடுத்தது இல்ல

ரெண்டு நாளா நம்ம புளோக் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, "புரோலாக்னா இங்கிலீஷ் நாடகக்காரங்க கண்டுபிடிச்சது, தமிழ்ல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது"னு. ரெண்டுமே தப்புங்க. புரோலாக்னா நூலோ நாடகமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற முன்னுரை, தமிழ்ல அதுக்குப் பேரு பாயிரம். அந்த சொல்லே கிரேக்கத்துலேர்ந்து வந்தது, நாடகத்துல கோரஸ் (பாட்டுக் குழு) மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி வர்ற பகுதிக்கு அந்தப் பேருன்னு அரிஸ்டாட்டில் எழுதி வச்சிருக்காரு, ஷேக்ஸ்பியர் ரோமியோ ஜூலியட்டுக்கு 14 வரில முன்னுரை எழுதினதெல்லாம் அதுக்கு ஏறக்குறைய 1,900 வருஷம் கழிச்சுதான்.

நம்ம பக்கம் பாருங்க. தொல்காப்பியத்துக்கு பனம்பாரனார் பாயிரம் பாடியிருக்காரு, சிலப்பதிகாரம் பதிகத்தோட ஆரம்பிக்குது, கதை மொத்தமும் சுருக்கமா அங்கேயே வந்துடுது. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல், பாயிரத்துக்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரைன்னு 7 பேர் சொல்லுது (இல்லாத பொருளுக்கு யாராவது 7 பேர் வைப்பாங்களா?), "ஆயிர முகத்தான் அகன்ற தாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே"ன்னு, அதாவது எவ்வளவு விரிவா இருந்தாலும் பாயிரம் இல்லாட்டி அது நூலே இல்லன்னு அடிச்சே சொல்லுது. யார் எழுதினது, என்ன விஷயம், யாருக்காகன்னு சொல்றதுதான் அதோட வேலை. மேடையில வேணும்னா தெருக்கூத்துல கட்டியக்காரன் முதல்ல வந்து கதைய அறிமுகப்படுத்துறாரே, அதுவும் இந்த வேலைதான்.

இங்க சிங்கப்பூர்ல பிள்ளைங்க தமிழ் படிக்கிறதே வாரத்துல கொஞ்ச நேரம், அவங்ககிட்ட இந்த மெசேஜ் போறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இத ஃபார்வர்ட் பண்ணுங்க.