மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை
2021 கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனைக் குறைக்கும் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திட்டுவிட்டதால், டெல்டாவில் நெல் பரப்பையும் மாடுகளின் எண்ணிக்கையையும் குறைத்தாக வேண்டும் என்று மேலே ஒரு நண்பர் குறிப்பிட்டுள்ளார்.

அன்புடன் ஒரு திருத்தம். உலக மீத்தேன் வெளியேற்றத்தை 2020-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030-க்குள் குறைந்தது 30 விழுக்காடு குறைக்கக் கோரும் அந்த உறுதிமொழியில் இந்தியா இணையவில்லை. நெல் வயல்களும் கால்நடைகளும் மீத்தேனை வெளியிடுவது உண்மைதான். எனினும், 2070-க்குள் நிகர சுழிய உமிழ்வு (வெளியிடும் அளவுக்கு வாயுக்களை அகற்றியும் விடுவது) என்று அதே மாநாட்டில் பிரதமர் அறிவித்த இலக்கு வேறு, இந்த மீத்தேன் உறுதிமொழி வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் செய்திகளில் வந்ததால் குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

ஐயமிருப்பவர்கள் உறுதிமொழியின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இணைந்த நாடுகளின் பட்டியலைத் திறந்து, இந்தியாவின் பெயர் இருக்கிறதா என்று தேடலாம். நாடாளுமன்றக் கேள்விகளுக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அளித்த எழுத்துபூர்வ பதிலும் இதையே சொல்கிறது. சென்னையில் இருந்தபடியே கைப்பேசியில் படித்துவிடலாம்.