மறைச்சொல்லாம், மறைச்சொல்!

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வந்த குறுக்கெழுத்துப் புதிருக்கு இன்று விடை வெளியிட்டிருக்கிறார்கள். இடமிருந்து வலம், 'துறை சார்ந்தோர் மொழி (5)' என்ற குறிப்புக்கு 'மறைச்சொல்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். கொஞ்சமும் கூசாமல் அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்தக் குறிப்பைப் பார்த்தவுடன், பள்ளியில் தமிழ் படித்த எவருக்கும் குழூஉக்குறிதான் முதலில் நினைவுக்கு வரும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதையும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதையும் இரண்டு மதிப்பெண்ணுக்காக உருப்போட்டவர்கள் நாம். ஆனால் குழூஉக்குறிக்கு ஆறு கட்டங்கள் வேண்டும். அளபெடையை வெட்டி எறிந்துவிட்டுக் 'குழுக்குறி' என்று எழுதினால் ஐந்தில் அடங்கிவிடும். இந்தப் புதிர்க்காரர் அதற்கும் துணிந்தவர்தான் என்று எண்ணி, மூன்றாம் கட்டத்தின் வழியே இறங்கும் சொல்லைப் பார்த்தேன். 'எஞ்சியது (4)' என்றிருந்தது. அது மிச்சமோ எச்சமோ, எதுவாக இருந்தாலும் மூன்றாம் கட்டத்தில் 'ச்' உறுதி. குழுக்குறி அத்தோடு ஒழிந்தது.

அடுத்தது கலைச்சொல். ஐந்து எழுத்து, நடுவில் 'ச்', எல்லாம் பொருத்தம். ஆனால் துறைச்சொல்லுக்கும் ஐந்து எழுத்து, நடுவில் அதே 'ச்'. ஐந்தாம் கட்டத்திலாவது விடிவு பிறக்குமா என்று பார்த்தால், 'வைகறை (4)' மேலிருந்து இறங்கி வந்து விடியலாக முடிந்து ஒரு 'ல்' தந்தது. இரண்டு சொற்களும் 'ல்' என்றே முடிகின்றன என்பது புதிர்க்காரருக்குத் தெரியாதா? அவை வேறுபடுவது முதல் இரண்டு கட்டங்களில் மட்டுமே. அந்த இரண்டு கட்டங்களுக்கும் மேலேயும் கறுப்பு, கீழேயும் கறுப்பு. குறிப்பிலேயே 'துறை' இருக்கும்போது விடையிலும் அது வராது என்னும் குறைந்தபட்ச நாகரிகத்தை நம்பி, கலைச்சொல் என்று பேனாவால் எழுதி முடித்தேன்.

விடை, மறைச்சொல்லாம்! அதற்கும் ஐந்து எழுத்து, அதே 'ச்', அதே 'ல்'. யாரிடமிருந்து எதை மறைப்பதற்கு, ஐயா? மருத்துவர் 'இரத்த அழுத்தம்' என்பதும் மின்பொறியாளர் 'மின்தடை' என்பதும் ஊரார் காதில் விழக்கூடாத இரகசியங்களா? கலைச்சொல் என்பது எல்லாரும் அறிய வேண்டும் என்றே ஆக்கி, அகராதியில் ஏற்றி, பாடநூலில் அச்சிட்டுப் பரப்பப்படும் சொல். 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கத் தொடங்கிய அமைப்புக்குத் 'தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் சொற்களை மறைப்பதற்காகச் சங்கம் கூட்டவில்லை. மறைத்துப் பேசுவதைப் பார்க்க வேண்டுமானால் மாட்டுச் சந்தைக்குப் போக வேண்டும். அங்கே தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடித்துவிடுகிறார்கள். அதற்குச் சொல்லே தேவைப்படுவதில்லை.

புதிர் போடுகிறவருக்கு இந்த வேறுபாடெல்லாம் பொருட்டல்ல. கலைச்சொல், குழூஉக்குறி, பரிபாஷை, மறைமொழி எல்லாம் அவருக்கு ஒன்றுதான். எண்ணிக்கையில் அடங்குவது எதுவோ அதுவே விடை. சரியான விடை அனுப்பியோர் என்று ஒரு பட்டியலையும் வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் பெருமக்கள் எந்தத் துறையைச் சார்ந்தோர் என்பதை அறிய உண்மையாகவே ஆவலாக இருக்கிறேன்.

இவ்வளவு கோபத்தோடும் இந்த வாரப் புதிரைத் திறந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. வலமிருந்து இடம், 'குழுவினர் பேச்சு (4)'. குறுக்கே போகும் ஒரே ஒரு சொல் இரண்டாம் எழுத்தாக 'ரி'யைக் கொடுத்தது. ஆகவே மறைமொழி இல்லை, பரிபாஷைதான் என்று எழுதப் போகும் நேரத்தில், வடவெழுத்தை விலக்கியவர்கள் அதையே 'பரிபாடை' என்று எழுதுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. 'ஷை'யா 'டை'யா என்று தீர்மானிக்க வேண்டிய அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மேலேயும் கறுப்பு, கீழேயும் கறுப்பு. அதற்குமேல் திட்டத் தெம்பில்லாமல் சிரித்துவிட்டேன். இரண்டு எழுத்தையும் அந்த ஒரே கட்டத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதி அனுப்பப் போகிறேன், திருத்துகிறவர் பாடு.