கிறீம் டப்பாவும் முல்லைத்தீவு றோட்டு வெயிலும்

கலியாண வீட்டில் என்னைக் கண்டால், சாப்பிட்டாயா என்று கேட்க முதல் "என்ன பிள்ளை, இப்பிடிக் கறுத்துப்போனாய்?" என்றுதான் கேட்பார்கள். கறுத்தது உண்மைதான். பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்புக்கு ஸ்கூட்டியில் படிப்பிக்கப் போகிறேன். காலையில் கிழக்கே போகும்போது வெயில் முகத்தில். பள்ளிக்கூடம் விட்டு மேற்கே திரும்பினால் மறுபடியும் முகத்தில். ஹெல்மெட் பட்டி கிடக்கும் கோடு மட்டும் பழைய நிறம், இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு.

அந்தக் கேள்வி பொறுக்காமல் போன வருடம் லேபிள் இல்லாத ஒரு குட்டி டப்பா கிறீமை வாங்கிப் பூசினேன். இரண்டு கிழமையில் முகம் பளபளத்தது, அன்ரிமாருக்குச் சந்தோஷம். நிறுத்தியதும் சிவந்து எரிந்தது, பரு போட்டது, முன்பைவிடக் கறுத்தது. தோல் டொக்டர் கதையைக் கேட்டதுமே "ஸ்டீரொய்ட் கலந்திருக்கும்" என்றார். அது தோலை மெலிதாக்கிவிடும். இப்படியான சில கிறீம்களில் பாதரசமும் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இப்போது என்னிடம் இருப்பது மூன்றே மூன்று. இரவில் மென்மையான ஃபேஸ் வொஷ், அதன்மேல் நியாசினமைட் (விற்றமின் பி3 வகை) உள்ள மொய்ஸ்சரைசர். காலையில் எஸ்.பி.எஃப். (வெயிலில் இருந்து காக்கும் அளவு) 30 உள்ள சன்ஸ்கிறீன். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் சன்ஸ்கிறீனை வாங்குங்கள். ஆனால் பொட்டு வைப்பதுபோல் தொட்டுப் பூசிப் பிரயோசனமில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூச வேண்டும். நான் இன்டர்வலில் பூசுவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். நம்மைப் போன்ற நிறத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே திட்டைக் கூட்டும். அதனால் இரும்பு ஒக்சைட் சேர்ந்த, சாயமுள்ள சன்ஸ்கிறீன் இன்னும் நல்லது. ஹெல்மெட் கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள், அதற்குக் காசில்லை.

முகத்தில் தேசிக்காய் மட்டும் பூச வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்து அந்த இடமே கறுக்கும். வெளிறிய திட்டென்றால் தேமலாகவும் இருக்கலாம். அது பங்கசு, அதற்கு மருந்து வேறு.

தோல் புதுப்பிக்கவே ஒரு மாதமளவில் எடுக்கும், ஆகவே மூன்று மாதமாவது பொறுக்க வேணும். எனக்கு இது நாலாவது மாதம். இடது கன்னத்துத் திட்டு பாதி மங்கிவிட்டது, வலது இன்னும் பிடிவாதம். போன ஞாயிறு கலியாண வீட்டில் அதே கேள்வி வந்தது. "பாயாசம் நல்லா இருக்கு அன்ரி" என்றேன்.