பழைய போஸ்ட்கார்டுக்குச் சாயம் பூசாதீர்கள்

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலின் பழைய போஸ்ட்கார்டு ஒன்று இந்த வாரம் மறுபடியும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அதை ஏஐ செயலியில் போட்டு வானத்துக்கு நீலம், கோபுரத்துக்குப் பளபளப்பு, மண் சாலைக்குத் தார் எல்லாம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கீழே வழக்கமான வாசகம்: "அந்தக் காலத்துச் சிங்கப்பூர் என்ன அழகு, என்ன சுத்தம்!" வரிசையாக ஆளாளுக்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்துக் கடைப்பலகையில் இருந்த எழுத்து தமிழும் இல்லாமல் சீனமும் இல்லாமல் புழு நெளிகிற மாதிரி ஏதோ ஆகியிருந்தது. மாட்டு வண்டிக்காரருக்குப் புது முகம். கோபுரத்தில் இல்லாத சிலைகள் முளைத்திருந்தன. அட்டையில் இருப்பது 1903இல் கட்டிய பழைய கோபுரம், இன்று நாம் பார்ப்பதைவிட ஒல்லி, சிலைகளும் குறைவு. அந்த அட்டையை வைத்துக்கொள்வதற்குக் காரணமே அதுதான். செயலிக்கு அது எப்படித் தெரியும்? கோபுரம் என்றால் சிலை இருக்க வேண்டும் என்று அடைத்துவிட்டது.

குழுவில் சொன்னேன். "அண்ணே, படம் நல்லாத்தானே இருக்கு, விடுங்கண்ணே" என்றார் ஒரு தம்பி. நல்லாத்தான் இருக்கு தம்பி, யார் இல்லையென்றது. ஆனால் அப்படி ஒரு தெரு சிங்கப்பூரில் என்றைக்கும் இருந்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அசல் அட்டையில் இருக்கிற வண்ணமே பாதி கற்பனை. அந்தக் காலத்து வண்ணப் போஸ்ட்கார்டுகளில் நிறைய ஜெர்மனியில் அச்சானவை. கருப்பு வெள்ளைப் படம் இங்கிருந்து கப்பலேறும். சிங்கப்பூரைக் கண்ணாலும் பார்த்திராத ஒருவர் அங்கே உட்கார்ந்துகொண்டு வேட்டிக்கு ஒரு நிறம், கூரைக்கு ஒரு நிறம் என்று முடிவு செய்வார். அதனால்தான் சில அட்டைகளில் ஓட்டுக்கூரை ரோஜா நிறத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சிற்றூர்க் கடைத்தெரு அட்டைகளில் இது இன்னும் பட்டவர்த்தனம். சிகாகோவின் கர்ட் டைக் கம்பெனி 1930களில் துணி நெய்தது போன்ற சொரசொரப்பான தாளில் ஊர் ஊராகக் கடைத்தெருக்களை அச்சடித்துத் தள்ளியது. மின்கம்பியை எடு, மேகம் சேர், அந்த வண்டியை அழி என்று அட்டைக்கு அட்டை குறிப்பெழுதி வேலை வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கோப்புகள் இன்று அதே ஊரில் நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. ஆக, போஸ்ட்கார்டைப் பார்த்துவிட்டு "தெரு எவ்வளவு சுத்தம்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் பல நேரம் மெச்சுவது தூரிகை பிடித்தவரின் கைவேலையைத்தான். மாடும் குதிரையும் நாள் முழுக்க நடந்த சாலை எப்படி இருந்திருக்கும் என்று தேக்கா பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் போஸ்ட்கார்டு பொய், தூக்கிப் போடு என்கிறேனா? இல்லவே இல்லை. எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் அது ஏகப்பட்ட விஷயம் சொல்லும். முதலில், அஞ்சல் முத்திரையின் தேதி படம் எடுத்த தேதி இல்லை. ஒரே படத்தைப் பத்துப் பதினைந்து வருடம் விற்றிருக்கிறார்கள். அட்டைக்குள்ளேதான் தேட வேண்டும். ராஃபிள்ஸ் சிலை பாடாங் திடலில் நிற்கிறதா, அது 1887க்கும் 1919க்கும் இடையில். அதற்கப்புறம் சிலை விக்டோரியா மண்டபத்தின் முன்னால் போய்விட்டது. மண்டபத்துக்கு மணிக்கூண்டு இருந்தால் படம் 1906க்குப் பிந்தியது. மின்சார டிராம் ஓடினால் 1905க்கும் 1927க்கும் நடுவில். அப்புறம் பின்பக்கம்! முதலில் எல்லாம் பின்பக்கத்தில் முகவரி மட்டும்தான் எழுதலாம். சேதியை முன்பக்கப் படத்தின் ஓரத்தில் கிறுக்க வேண்டியதுதான். நடுவில் கோடு போட்டு இரண்டையும் பின்பக்கத்தில் எழுத பிரிட்டன் 1902இலும் அமெரிக்கா 1907இலும் அனுமதித்தன. இதெல்லாம் முழு அட்டையும் கையில் இருந்தால்தான் தெரியும். நம் ஆட்களோ படத்தை மட்டும் வெட்டி, ஓரத்துக் கையெழுத்தையும் துடைத்துவிட்டு அனுப்புகிறார்கள்.

எனக்குப் பிடித்தது பெரிய கட்டடங்கள் இல்லை. ராஃபிள்ஸ் ஹோட்டல் அட்டை இன்றைக்கும் தேடினால் கிடைக்கும், அவ்வளவு அச்சடித்தார்கள். சின்ன ஊரின் ஒரு சாதாரணத் தெரு, நாலு கடைவீடு, ஒரு தபால் நிலையம் உள்ள அட்டைதான் அரிது. அதிலும் புகைப்படத் தாளிலேயே நேராகப் பிரதியெடுத்த அட்டை என்றால் இன்னும் விசேஷம். 1903இல் கோடாக் கம்பெனி போஸ்ட்கார்டு அளவுக்கே படமெடுக்கும் கேமரா கொண்டுவந்த பிறகு, சிற்றூர் ஸ்டூடியோக்காரரும் கொஞ்சமே கொஞ்சம் பிரதி போட்டு விற்க முடிந்தது. பூதக்கண்ணாடி வைத்தால் தெரிந்துவிடும்: அச்சடித்த அட்டை என்றால் படம் புள்ளி புள்ளியாகக் கலையும், புகைப்பட அட்டையில் புள்ளியே இருக்காது. கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருப்பவரின் காலடியில் கிடக்கும் செருப்பு வரைக்கும் தெரியும். கடைப்பலகையையும் பல நேரம் படித்துவிடலாம்.

நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி வழியில் மலாயாவின் ஏதோ ஒரு தோட்டத்து ஊர் இருக்கும். அதன் அட்டையைத் தேடும்போது பழைய பெயரும் தெரிந்திருக்க வேண்டும். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடிய ரயில்தான் மலாயாவின் முதல் ரயில். ஆனால் போர்ட் வெல்டு என்று தேடினால்தான் பழைய அட்டை கிடைக்கும், இன்றைய பெயரான குவாலா செப்பெத்தாங் என்று தேடினால் கிடைக்காது. சாய்ந்த கோபுரத்துக்குப் பேர்போன தெலுக் இந்தான் 1982 வரைக்கும் தெலுக் ஆன்சன். குவாலா குபு கதை இன்னும் கொடுமை. ஈயச் சுரங்க மண் ஆற்றை அடைத்து, வெள்ளம் மாற்றி வெள்ளம் வந்து, கடைசியில் ஊரையே கைவிட்டுப் பக்கத்தில் குவாலா குபு பாரு என்று புதிதாகக் கட்டினார்கள். பழைய ஊரின் கடைத்தெரு அட்டை ஒன்று யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் அதற்குப் போய் ஏஐ நிறமா ஏற்றுவீர்கள்? சிங்கப்பூரிலும் இதே கதைதான். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் 1970களில் இடிபட்டுப் போயின. அந்த வாசலும் தூணும் இனிமேல் இந்த மாதிரிப் படங்களில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த அட்டைகளில் படத்தில் நிற்பவர்கள் நம் ஆட்கள், பின்பக்கம் எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். வெயில் தாங்கவில்லை, அம்மாவுக்கு முத்தம் என்று எழுதியிருப்பார்கள். வண்டிக்காரரின் பெயரை யாரும் கேட்டு எழுதவில்லை. அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது அந்த முகம் ஒன்றுதான், அதையும் செயலி மாற்றிவிட்டால் எனக்குக் கோபம் வராதா?

சரி, உங்களிடம் அட்டை இருந்தால்: தபால்தலைக்காகத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், அதற்காகவே பாழான அட்டைகள் எத்தனையோ. லேமினேட் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும், ஓரம் உட்பட ஸ்கேன் செய்யுங்கள். அட்டை இல்லாதவர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலும் மரபுடைமைக் கழகத்தின் ரூட்ஸ் தளத்திலும் தேடிப் பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். கோல்மன் ஸ்திரீட்டில் இருந்த அஞ்சல்தலை அருங்காட்சியகம் 2022 கடைசியிலிருந்து குழந்தைகள் அருங்காட்சியகம் ஆகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், அது வேறு கதை. வண்ணம் ஏற்றித்தான் தீருவேன் என்கிறவர்கள் ஏற்றிக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே அசலையும் போடுங்கள். அந்த மாரியம்மன் கோயில் அட்டையின் அசல் யாரிடமாவது இருந்தால் பின்பக்கத்தைப் படமெடுத்துக் கமென்ட்டில் போடுங்கள், முத்திரையைப் பார்க்க வேண்டும்.