குடலைக் கழுவினால் எச்ஐவி அடங்காது

நெல்லைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: எச்ஐவி உள்ளவர்களைக் கெடுப்பது குடல் பாக்டீரியாதானாம், பேதிக்குக் குடித்தால் போதும், மாத்திரை வேண்டாமாம். இது தவறு, ஆபத்தும்கூட.

பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு, சரி. தொற்றிய சில வாரங்களிலேயே குடலில் உள்ள சிடி4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களை வைரஸ் பெருமளவு அழிக்கிறது. குடல் சுவர் பலவீனமாகி, பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள எல்பிஎஸ் போன்ற பொருள்கள் ரத்தத்தில் கசிகின்றன. 2006-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. இந்தக் கசிவால் எதிர்ப்புச் செல்கள் ஓயாமல் தூண்டப்பட்டுக் களைத்துப்போகின்றன.

ஆனால் இதைத் தொடங்கி வைப்பது வைரஸ். பேதியால் குடல் சுவர் ஆறாது, நீர்ச்சத்துதான் போகும். ஏஆர்டி எனப்படும் எச்ஐவிக்கான மாத்திரை வைரஸை அடக்கி, கசிவையும் ஓரளவு குறைக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் மறுபடி பெருகிவிடும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்.